காப்புக் கட்டியவன் வாங்கிய வயலின்

வயலினைக் கண்ணால் பார்த்து வாங்குகிறவன் மண்டையில் ஒன்று போட வேண்டும். இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமையே கிடையாது. பளபளவென்று வார்னிஷ் அடித்து, பெட்டிக்குள் சிவப்பு வெல்வெட் போட்டுக் கடைக்காரன் நீட்டுவான். இவர்களும் பல்லை இளித்துக்கொண்டு தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்து என் முன்னால் வைத்தால் தந்தியை முறுக்குகிற பிரடை நிற்காது, கழுத்து வளைந்திருக்கும், பிள்ளையின் கைக்கு எட்டாது. அதனால் செஞ்சியில் நான் சொல்லிக்கொடுத்த காலம் முழுக்க எனக்கு ஒரே சட்டம்தான். வயலினை நான் பார்ப்பேன், பாடப் புத்தகத்தையும் நான்தான் பார்ப்பேன், பிள்ளை கூடவே வர வேண்டும். காலை வைத்துப் பார்க்காமல் எவனாவது செருப்பு வாங்குவானா?

இந்தச் சட்டத்தால்தான் அறுபத்துமூன்றாம் வருஷம் எங்கள் பாளையத்தில் மண்டை உடைந்தது என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். பேசட்டும். என் சட்டம் யார் மண்டையையும் உடைக்கவில்லை. உடைத்தவன் இளையபெருமாள். ஏன் உடைத்தான் என்று நான்தான் சொல்ல முடியும், பக்கத்தில் நின்றவள் நான்.

என் பேர் மீனம்பாள். அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் பாட்டு டீச்சர். சாயங்காலத்தில் வீட்டில் வயலின் பாடம். கோட்டை மலைக்குக் கிழக்கே இருந்த பாளையத்தில்தான் என் வீடு. இளையபெருமாளின் பெண் சின்னப்பொண்ணு என்னிடம் கற்றுக்கொண்டிருந்தாள். பதினொரு வயது. ஒரு தரம் வாசித்துக் காட்டினால் போதும், அப்படியே திருப்பி வாசிப்பாள். அந்தக் காதை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை, நேராகவே சொல்கிறேன்.

ஆனால் அவள் வாசித்தது என்னுடைய பெரிய வயலினில். கை எட்டாது. எட்டுவதற்காகத் தோளைத் தூக்குவாள், கழுத்தைக் கோணுவாள். நான் வில்லைத் திருப்பித் தோளில் ஒரு போடு போடுவேன். தோள் இறங்கும், கை எட்டாது. அழுதுகொண்டே மறுபடியும் தூக்குவாள். ஒரு நாள் இடது கைச் சுண்டுவிரல் மடங்காமல் நின்றுவிட்டது. அன்றைக்கு அவள் அப்பனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்.

"இந்தா இளையபெருமாள், இவளுக்கு முக்கால் அளவு வயலின் வேணும். அது கிடைக்கலைன்னா இத்தோட நிறுத்திடு. இதுலயே வாசிச்சா கை போயிடும்."

"நிறுத்தறதா?" என்றான். அப்படி ஒரு வார்த்தையை அவன் எதிர்பார்க்கவில்லை. "எங்க கெடைக்கும் சொல்லுங்க டீச்சர், மெட்ராசா இருந்தாலும் போயி வாங்கியாரேன்."

மெட்ராஸில் கிடைத்தால் நான் ஏன் புலம்புகிறேன்? வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றுபோயிருந்த காலம். பெரிய வயலினே குதிரைக்கொம்பு, சின்ன அளவைக் கேட்டால் கடைக்காரன் சிரித்தான்.

இளையபெருமாள் என்ன ஆள் என்று சொல்லிவிடுகிறேன். கிணற்று மேட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறவன். கோபக்காரன். வாய் பேசுவதற்கு முன் கை பேசும். வரப்புத் தகராறு, தண்ணீர்த் தகராறு, கூத்துக் கொட்டகையில் இடத் தகராறு என்று பாளையத்தில் அவனிடம் அறை வாங்காத ஆண்பிள்ளை குறைவு. ஆனால் சித்திரையில் திரௌபதி அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஆளே வேறு. பூங்கரகம் எடுக்கிறவன் அவன். அவன் அப்பன் எடுத்தது, அப்பனுக்கு அப்பன் எடுத்தது. மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் கவுச்சி கிடையாது, குடி கிடையாது, பெண்டாட்டி பக்கம் படுக்கை கிடையாது, எவன் மேலும் கை ஓங்கக் கூடாது. விளக்கு வைக்கும் நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். அந்த நாட்களில்தான் வருஷமெல்லாம் அவனிடம் அடி வாங்கினவர்கள் வந்து அவனைச் சீண்டுவார்கள். "இன்னா இளையபெருமாளு, இப்ப அடி பாக்கலாம்" என்று கன்னத்தைக் காட்டுவார்கள். அவன் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டே போவான்.

தீமிதியில் கரகத்தோடு அவன் முன்னால் இறங்குவான். மற்றவர்கள் அவன் பின்னால் இறங்குவார்கள். கரகக்காரன் சுத்தம் தப்பினால் பின்னால் வருகிறவர்கள் கால் வெந்துபோகும் என்பது ஊர் நம்பிக்கை. வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அது வெறும் நம்பிக்கை. நெருப்பில் கால் வைக்கப் போகிறவனுக்கு அப்படியில்லை.

அந்த வருஷம் வெள்ளிக்கிழமை தீமிதி. செவ்வாய்க்கிழமை பாண்டிச்சேரியிலிருந்து வந்த என் சித்தி மகள் ஒரு சேதி சொன்னாள். பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. கடற்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கிழவி, புருஷன் செத்துப்போனவள், சனிக்கிழமை கப்பல் ஏறுகிறாளாம். புருஷன் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தவனாம். வீடு நிறையச் சின்ன வயலின்கள் கிடக்கின்றனவாம், வந்த விலைக்குக் கொடுக்கிறாளாம்.

அன்றைக்கே இளையபெருமாள் வீட்டுக்கு ஓடினேன். "புதன்கிழமை காலைல மொத பஸ். பொண்ணை அனுப்பு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"நானும் வரேன்" என்றான்.

"காப்புக் கட்டிக்கிட்டு எங்கடா வர்றே? பேசாம இரு."

"பகல்ல போலாம் டீச்சர். வெளக்கு வெக்கறதுக்குள்ள எல்லைக்கு வந்துட்டா போதும். எம் பொண்ணுக்கு வாங்கற பொருள நான் கண்ணால பாக்க வேணாமா?"

அவன் பெண்டாட்டி ராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு டீச்சர். வேற ஊரா இருந்தாலும் பரவால்ல, பாண்டிக்கா போவாங்க?" என்றாள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் மதுவிலக்கு. பாண்டியில் தெருவுக்குத் தெரு கடை. செஞ்சியிலிருந்து ஒருத்தன் பாண்டிக்குப் போனான் என்றால் எதற்குப் போனான் என்று யாரும் கேட்க மாட்டார்கள், எவ்வளவு குடித்தான் என்றுதான் கேட்பார்கள். அவள் அத்தனை சொல்லியும் மறுநாள் விடிகாலையில் மகளுக்கு முன்னால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தான், தடியன்.

வெள்ளைக்காரக் கிழவி நல்லவள். உடைந்த தமிழில் பேசினாள். தரையில் ஜமுக்காளம் விரித்து ஆறேழு பெட்டிகளைத் திறந்து வைத்தாள். நான் என் வேலையில் இறங்கினேன். ஒவ்வொன்றையும் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்து நேராக ஓடுகிறதா என்று பார்த்தேன். முதுகில் விரலால் தட்டிக் கேட்டேன். பிரடையைத் திருகிவிட்டு, அது தானாக நழுவுகிறதா என்று காத்திருந்தேன். பிறகு சின்னப்பொண்ணின் தோளில் வைத்துக் கையை நீட்டச் சொன்னேன். உள்ளங்கை வயலினின் தலையைச் சுற்றிப் பிடிக்க வேண்டும், முழங்கை கொஞ்சம் மடங்கியே இருக்க வேண்டும். அதுதான் கணக்கு.

இளையபெருமாள் வாசல் வெயிலைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தான். "போலாமா டீச்சர்? இதுவே நல்லாத்தான இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"வாயை மூடிக்கிட்டு உக்காரு. கத்திரிக்காயா வாங்கறோம்?"

கடைசியில் ஒன்று அகப்பட்டது. கறுத்துப்போய், பார்க்க அவலட்சணமாக இருந்தது. தட்டினேன், உள்ளே காற்று பேசியது. ஆனால் தந்திகளைத் தாங்குகிற குதிரைக்குக் கீழே பழைய குங்கிலியம் வெள்ளையாக அப்பிக் கெட்டியாகக் கிடந்தது. பிள்ளைகள் துடைக்காமல் வாசித்தால் வில்லில் தேய்க்கிற குங்கிலியம் இப்படித்தான் படியும். அதற்குக் கீழே விரிசல் இருந்தால் யாருக்குத் தெரியும்? விரிசல் விட்ட வயலினை வாங்கிக்கொடுத்து என்னால் அந்தப் பெண் முகத்தில் விழிக்க முடியுமா? துடைக்க ஸ்பிரிட் இருக்கிறதா என்று கேட்டேன். கிழவி எல்லாவற்றையும் கட்டிப் போட்டுவிட்டாளாம். உள்ளே போய் ஒரு பிராந்திப் பாட்டிலைக் கொண்டுவந்தாள்.

"சாராயமா டீச்சர்?" என்று இளையபெருமாள் பின்னால் நகர்ந்தான்.

"குடிக்கவா சொன்னேன்? இந்த வயலினை மடியில வெச்சு அசையாம பிடி."

பிடித்தான். நான் துணியில் நனைத்து, வார்னிஷில் படாமல் ஒத்தி ஒத்தி எடுத்தேன். குங்கிலியம் கரைந்து வந்தது. கிழவி இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன் பேர்வழி என்று சாய்த்தாள் பாருங்கள், கை நடுங்கிப் பாதிப் பாட்டில் அவன் மடியில் கொட்டியது. வேட்டி, சட்டை, பெட்டிக்குள் இருந்த துணி எல்லாம் நனைந்தது. வயலினை மட்டும் அவன் தலைக்கு மேலே தூக்கிவிட்டான்.

"இந்த நாத்தத்தோட போனா ராஜம்மா வூட்டுக்குள்ளயே சேக்க மாட்டா" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். விரிசல் இல்லை, அந்தச் சந்தோஷம்.

சின்னப்பொண்ணு வாசித்தாள். தோள் தூக்கவில்லை. கழுத்து கோணவில்லை. ஒரு சரளி வரிசையைத்தான் வாசித்தாள், நான் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்பன்காரன் அந்தப் பெண்ணின் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். "எட்டுது டீச்சர், எட்டுது" என்று என் கையைப் பிடித்து உலுக்கினான்.

அதோடு கிளம்பியிருக்கலாம். புத்தகம் வாங்க வேண்டும் என்றேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் நுழைந்தோம். நான் எடுத்தது பெரிய எழுத்தில், வரிசை வரிசையாகச் சரளியிலிருந்து கீதம் வரை உள்ள புத்தகம், மொட்டை அட்டை. அவன் எடுத்தது சரஸ்வதி படம் போட்டது, உள்ளே பூராவும் சினிமாப் பாட்டு. படிக்கத் தெரியாதவன், சரஸ்வதிதான் வேண்டும் என்று அடம் பிடித்தான். நான் கத்தினேன், அவன் முறைத்தான், கடைக்காரன் வேடிக்கை பார்த்தான். கடைசியில் இரண்டையும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தால் மத்தியான பஸ் புறப்பட்டுப் போயிருந்தது. அடுத்த பஸ் பிடித்தோம். பொழுதோடு போய்ச் சேர அதுவும் போதும்தான், பாண்டி எல்லையில் சோதனை மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

சாராயம் கடத்துகிறவர்களைப் பிடிக்கப் பஸ்ஸை நிறுத்தி ஏறினார்கள். ஒரு போலீஸ்காரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து எங்கள் சீட்டில் நின்றான். "எறங்குடா" என்றான். இளையபெருமாள் எழுந்திருப்பதற்குள் சட்டையைப் பிடித்துப் படியில் இழுத்துக் கீழே தள்ளினான். முட்டியில் தோல் பெயர்ந்தது. நான் பெட்டியைத் திறந்து காட்டினேன், பிராந்தி எப்படிக் கொட்டியது என்று சொன்னேன். சொல்லச் சொல்லத் தடி அவன் முதுகில் இரண்டு தரம் விழுந்தது. வேறு சமயமாக இருந்தால் இளையபெருமாள் அந்தத் தடியைப் பிடுங்கி முறித்திருப்பான். அன்றைக்கு மணிக்கட்டை மறு கையால் பொத்திக்கொண்டு நின்றான்.

பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. மேலதிகாரி வந்து, அவன் வாயை ஊதச் சொல்லி, வாயில் வாசனை இல்லை என்று தெரிந்துகொண்டு எங்களை அனுப்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. அடுத்த வண்டியில் இளையபெருமாள் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மேற்கே பார்த்துக்கொண்டு வந்தான். திண்டிவனத்தில் மாறும்போதே சூரியன் மறைந்துவிட்டது.

எங்களை விட்டுவிட்டுப் போன பஸ் எங்களுக்கு முன்னால் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதிலிருந்த ஒருத்தன் போதாதா? பாளையத்துக் கரகக்காரனைச் சாராயத்தோடு பிடித்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான்.

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். விளக்கு வைத்தாகிவிட்டது. கையில் தடி, மண்வெட்டிப் பிடி, அகப்பட்டதெல்லாம். முன்னால் தாண்டவராயன், ராஜம்மாளின் அண்ணன். அவன் மகனும் வெள்ளிக்கிழமை தீயில் இறங்க வேண்டுதல். பின்னால் கோயில் தர்மகர்த்தா அரங்கநாதன்.

"இன்னா மாப்ள, பாண்டியில நல்லா ஊத்திக்கினியா?" என்றான் தாண்டவராயன்.

"இல்ல மச்சான். பொண்ணுக்கு வயலின் வாங்கப் போனேன். வழியில..."

முடிக்க விடவில்லை. பக்கத்தில் வந்து மோந்து பார்த்தான். பிறகு ஓர் அறை. காது கிழிந்தது போலச் சத்தம் கேட்டது. "நாறுதேடா! வேட்டி நாறுது, சட்டை நாறுது! எம் புள்ள உம் பின்னாடி நெருப்புல கால வெக்கணுமாடா?" என்று அலறினான். அவன் கண்ணில் தண்ணீர். அதையும் சொல்லத்தான் வேண்டும். பயத்தில் அடித்தான் அவன்.

ஒருத்தன் ஆரம்பித்துவிட்டால் மற்றவனுக்கு என்ன? வருஷமெல்லாம் அவனிடம் வாங்கினதை அன்றைக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். காலில் ஒரு தடி விழுந்தது. முதுகில் ஒன்று. முகத்தில் மண்வெட்டிப் பிடி. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டி மார்பில் இறங்கியது. பெட்டியை மகளிடம் கொடுத்துவிட்டு இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றான். கீழே விழுந்தான். எழுந்து மறுபடி கையைக் கட்டிக்கொண்டான். அப்படி ஒரு மனிதனை அடிப்பதைப் பார்ப்பது சகிக்க முடியாதது.

நான் சும்மா நிற்கவில்லை. ஒருத்தன் தலைமுடியைப் பிடித்து இழுத்தேன். செருப்பைக் கழற்றி இன்னொருத்தன் முகத்தில் அடித்தேன். "அது வயலின் துடைச்ச பிராந்திடா, பாவிகளா! நான்தான்டா துடைச்சேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். யார் கேட்டார்கள்? எவனோ என்னைப் புழுதியில் தள்ளினான்.

அரங்கநாதன் கையைத் தூக்கினார். அடி நின்றது. "பொட்டில இன்னா இருக்குது? தெறந்து காட்டு" என்றார்.

இளையபெருமாள் மகளிடமிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்து, ரத்தக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, வயலினை எடுத்துத் தூக்கிக் காட்டினான். "பாருங்க. இதுதான். எம் பொண்ணு கைக்கு எட்டுது" என்றான்.

பெட்டிக்குள் இருந்த துணி குப்பென்று நாறியது. கூட்டம் மறுபடி இரைந்தது.

அரங்கநாதன் தீர்ப்புச் சொன்னார். "காப்போட எல்லையத் தாண்டிப் போயி, நேரம் தப்பி, சாராயத்தோட வந்திருக்க. இந்தப் பொருளக் கொண்டு போயி நெருப்புல போடு. தலைக்கு ஊத்திக்கினு, மஞ்சத் தண்ணி தெளிச்சிக்கினு கரகம் எடு. இல்லன்னா காப்ப அறுத்துட்டுப் போ."

அவனுக்குச் சுலபமான வழிதான். வயலின் போனால் கரகம் இருக்கும். அப்பன், பாட்டன் எடுத்த கரகம். அவன் வயலினைப் பார்த்தான். மகளைப் பார்த்தான். "குடுக்க மாட்டேன்" என்றான்.

"குடுக்க மாட்டியா?" தாண்டவராயன் தடியை ஓங்கினான். வயலினை உடைக்கத்தான் ஓங்கினான், வேறு எண்ணமில்லை என்று இன்றைக்கும் நம்புகிறேன். சின்னப்பொண்ணு "மாமா, வேணாம்!" என்று குறுக்கே பாய்ந்து இடது கையை நீட்டினாள். தடி அவள் மணிக்கட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவள் வாயைத் திறந்தாள், அழுகை வெளியே வரவில்லை.

தாண்டவராயனுக்கு வெறி அடங்கவில்லை. "தள்ளு நாயே!" என்று இரண்டாம் தரம் ஓங்கினான். அவள் நகரவில்லை. அடிபட்ட அதே கையை மறுபடி நீட்டிக்கொண்டிருந்தாள்.

இளையபெருமாள் மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோனான். மஞ்சள் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தான். எல்லாரும் பார்த்தார்கள். கயிற்றைத் துப்பினான். அந்த நேரத்திலும் காப்போடு ஒருத்தன் மேல் கை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அறுத்து முடித்த பிறகுதான் அடித்தான்.

கையில் இருந்ததைக் கொண்டே அடித்தான். வயலினால் அடித்தான்.

தாண்டவராயனின் நெற்றியில் முழு வேகத்தில் விழுந்தது. வயலின் ஒரு சத்தம் போட்டது, எல்லாத் தந்தியும் ஒன்றாகக் கத்தின மாதிரி. பலகை சில்லு சில்லாகச் சிதறியது. தாண்டவராயன் மண்டை பிளந்து, முகமெல்லாம் ரத்தமாகி, உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தான். இளையபெருமாள் நிற்கவில்லை. அத்தனை நேரம் கட்டி வைத்திருந்த கை அது. மண்வெட்டிப் பிடிக்காரன் பல் தெறித்தது. இன்னொருத்தன் விலாவில் மிதி. யாரோ அரங்கநாதனை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். தாண்டவராயனைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் ஓடினார்கள். ஓடும்போது அரங்கநாதன் திரும்பி, "இனிமே கரகம் உனக்கும் இல்ல, உன் வம்சத்துக்கும் இல்ல!" என்று கத்தினார்.

எல்லைக் கல்லருகில் நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்தோம். அப்போதுதான் அவன் தன் கையைப் பார்த்தான். வயலினின் கழுத்து மட்டும் இருந்தது. அதிலிருந்து தந்திகள் தொங்கிக்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் அது என்ன என்றே தெரியாதவன் போலப் பார்த்தான். பிறகு மண்டியிட்டுப் புழுதியில் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

நான் அழுதேன். அடிபட்ட மனுஷனுக்காக அழவில்லை, மண்டை உடைந்தவனுக்காகவும் அழவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வயலினுக்காக அழுதேன். அழுதுகொண்டே அவன் முதுகில் மாறி மாறிக் குத்தினேன். "படுபாவி, கல்லு கெடைக்கலையாடா உனக்கு? தடி கெடைக்கலையாடா?" என்று கத்தினேன். அவன் வாங்கிக்கொண்டான்.

பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சின்னப்பொண்ணின் கையை மடியில் வைத்து ஒவ்வொரு விரலாக மடக்கச் சொன்னேன். மணிக்கட்டு வீங்கியிருந்தது. கண்ணீர் வழிய வழிய ஒவ்வொன்றாக மடக்கினாள். சுண்டுவிரல் கடைசியாக மடங்கியது. எலும்புக்குக் கட்டுப் போடும் வைத்தியரை எழுப்பிக் காட்டினோம். எலும்பு முறியவில்லை, பதினைந்து நாள் ஆட்டாமல் வைத்திருந்தால் போதும் என்று பச்சிலை வைத்துக் கட்டினார்.

அன்றைக்கு இருவரையும் என் வீட்டில்தான் படுக்க வைத்தேன். அவன் வீட்டுக்குப் போனால் விடமாட்டார்கள். விடிவதற்கு முன் எழுந்து பார்த்தால் அப்பனும் மகளும் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். இருந்தார்கள். அவனுக்கு ஒரு கண் முழுதாக மூடிக்கொண்டிருந்தது. உதடு தொங்கியது. மகள் கட்டுப்போட்ட கையை மார்பில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

அண்ணன் வீட்டிலிருந்து ராஜம்மாள் எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். வந்த வேகத்தில் புருஷனின் நெஞ்சில் இரண்டு கையாலும் அறைந்தாள். "எங்கண்ணன் மண்டையப் பொளந்துட்டியே! கோயில விட்டுட்டியே! நீயும் ஒரு மனுஷனா?" என்று அழுதாள். மகளின் கட்டைத் தொட்டாள், இன்னும் அழுதாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் இரண்டு கம்மலையும் அவன் கையில் வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அண்ணன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அவன் கம்மலை இடுப்பில் சொருகிக்கொண்டான். பாண்டிக்குத்தான் போகிறான். கிழவி கப்பல் ஏற இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"இந்தக் கண்ணோட போயி எதைப் பார்த்து வாங்கப் போறே?" என்றேன்.

"நீங்க வரமாட்டீங்களா?" என்று கேட்டான். பஸ் விளக்கு தூரத்தில் தெரிந்தது. மகளை முன்னால் நகர்த்தி நிறுத்தினான். மணிக்கட்டில் கயிறு இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "நேத்து வெளக்கு வெக்கறதுக்குள்ள வரணும்னு உங்களப் போட்டு அவசரப்படுத்திக்கினே இருந்தேன் டீச்சர். இன்னைக்கு நீங்க பொறுமையா பாருங்க. எனக்குத் திரும்பி வர்றதுக்கு நேரங்காலம் ஒன்னும் கெடையாது."